முகம் சவரிமுத்து, பெயர் முனிராசு

என் அன்பு அண்ணா,

இம்மடல் உனக்குத்தான், ஆனால் ஊர் கேட்கவே எழுதுகிறேன். ஓசூர்த் தொழிலாளத் தோழர்களே, செவிகொடுங்கள். என் அண்ணன் சவரிமுத்துவின் முகத்துக்குக் கீழே வேறொருவர் பெயரை எழுதி, அண்ணன் உழைத்த ஆலையே சுவரில் மாட்டியிருக்கிறது. வரும் ஞாயிறு அதற்குத் திறப்பு விழாவாம்.

அந்தப் படம் வந்த மிட்டாய் அட்டை உனக்கு நினைவிருக்கும், அண்ணா. பெங்களூரில் ஆலைகளுக்கிடையே நடந்த வளைகோல் போட்டியில் நம் அணி கோப்பையை வென்றதும், மிட்டாய் நிறுவனம் ஒன்று வீரர்களின் படங்களை அச்சடித்துப் பொட்டலத்துக்குள் வைத்து விற்றதே, அதில் ஒன்று. (“ஆக்கின்னு சொல்லு பாப்பா, வளைகோலுன்னா எங்க கோச்சுக்கே வெளங்காது” என்பாய்.) இலக்குக்காவலனுக்குரிய கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு இலக்குக் கம்பத்தில் சாய்ந்து சிரிக்கிறாய். கீழே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் முனிராசுவின் பெயர். பழைய அட்டைகளைச் சேர்ப்பவர் ஒருவரிடம் அது கிடைக்க, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் புதிய விளையாட்டரங்கின் முகப்பில் வைத்துவிட்டார்கள்.

இது அச்சுப்பிழை அன்று. நிலைப்பணியாளர் மட்டுமே அப்போட்டியில் ஆடலாம். நீயோ ஒப்பந்தத் தொழிலாளி. எனவே தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் உன்னருகே நின்ற நிலைப்பணியாளர் முனிராசுவின் பெயரில் உன்னைக் களமிறக்கினார்கள். வளைகோலைத் தொட்டும் பாராத மனிதர் அவர். அடுத்த ஆண்டு உனக்கும் நிலைப்பணி என்றார்கள். பதினொரு ஆண்டுகள் அப்படியே ஆடினாய். எதை நம்பினாய் அண்ணா?

இறுதியாட்டத்தின் கடைசி அடியைத் தடுத்தபோது உன் வலக்கைப் பெருவிரல் முறிந்தது. மருத்துவச் சீட்டும் முனிராசுவின் பெயரில்தானே? ஓய்வு விடுப்பு அவருக்குக் கிடைத்தது! நீ கட்டுப்போட்ட கையோடு மறுநாள் காலைப் பணிக்குப் போனாய். நல்ல கையோடு வீட்டில் கிடக்கக் கூசிய அம்மனிதர், மாலைதோறும் வந்து உனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார்.

தொழிற்சங்க மேடைதோறும் முழங்கும் நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். “வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு பாப்பா. பர்மனென்ட் ஆவுற நேரத்துல கெடுத்துடாத” என்றாய். சும்மா இருந்தேன். நீ ஒப்பந்தத் தொழிலாளியாகவே ஓய்ந்தாய்; சென்ற ஆண்டு மண்ணுக்குள்ளும் போய்விட்டாய்.

இப்போது கேள். உன் மகள் செல்வி அதே ஆலையில் பயிற்சித் தொழிலாளி. சென்ற வாரம் படத்தைப் பார்த்து, இது என் அப்பா என்று உடன் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். “அப்ப உங்கப்பன் பேரு முனிராஜா? எதுக்கும் உங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வா” என்றானாம் ஒருவன். அன்று வீடு வந்தவள் இன்றுவரை வேலைக்குப் போகவில்லை.

மேலாளரைச் சந்தித்தேன். பதிவேட்டில் பெயரில்லாதவர் ஆடியிருக்க இயலாது என்றார். பொய்யை எழுதியவர்களே அந்தப் பொய்யைச் சான்றாக நீட்டுகிறார்கள். இதற்குப் பெயர் ஆவணமா, அண்ணா?

கெலமங்கலத்துக்கு முனிராசுவைத் தேடிப் போனேன். நீ வைத்திருந்த அட்டையை நீட்டினேன்; வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

“பேரு என்னுதுதான்மா. ஆடுனது சவரி. எம் பேரப்புள்ளைங்க இதச் சொல்லி ஊரெல்லாம் பீத்திக்குதுங்க. அதுங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டு வரேன். அப்புறம் எங்க வந்து சொல்லணுமோ, கூப்புடு.”

சொல்லியும் விட்டார். இரண்டு நாளாகப் பேரன் அவரிடம் பேசுவதில்லையாம்.

பெயரைக் கடன் கொடுத்தவருக்கு இருக்கும் நேர்மை, அதைத் திருட்டுத்தனமாய்ப் பயன்படுத்திய ஆலைக்கு ஏன் இல்லை?

நாளைக் காலைப் பணிமுறை தொடங்கும் வேளையில் முனிராசுவும் செல்வியும் நானும் ஆலை வாயிலில் நிற்போம். உன் பெயர் ஏறும்வரை நான் அங்கிருந்து நகர மாட்டேன், அண்ணா. இது உறுதி.

தோழர்களே, உள்ளே போகுமுன் எங்களோடு நில்லுங்கள். மேலாளர்களே, அந்தப் பெயரை எடுங்கள். சவரிமுத்து என்று எழுதுங்கள். திறப்பு விழா அதற்குப் பிறகு.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த தங்கை,
அருள்மேரி