அம்மா இரண்டாம் முறை எழுதிய தேர்வு

நாரின், கிர்கிஸ்தான், ஏப்ரல் 14

அன்பு மகள் சோல்போனாய்க்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். இஸ்தான்புல்லில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் அம்மா ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டாள். அதனால் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போகிறாள், காசநோய்ப் பரிசோதனைக் கூடத்தில் ஓராண்டுப் பயிற்சி. இதை ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே சொல்வாள். சொல்லாமல் விடப்போவது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன அக்டோபரில் ஒருமுறை எழுதித் தோற்றாள். பேச்சும் எழுத்தும் சரிதான், வாசிப்பில் விழுந்துவிட்டாள். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே உள்ள வாக்கியங்கள் அதன்படி சரியா தவறா என்று கேட்பார்களாம். வந்த பத்தி குதிரைகளைப் பற்றியது, குளிர்காலத்தில் கொட்டிலில்தான் தீனி போடவேண்டும் என்று எழுதியிருந்ததாம். இவள் தவறு என்று போட்டுவிட்டாள். “பனியைக் குளம்பால கீறி அதுவே தின்னுக்குமே, இதுகூடத் தெரியாதவங்களா பரீட்சை வைக்கிறாங்க” என்று பஸ் நிலையத்தில் நின்று என்னோடு சண்டை. மாலையில் ஆங்கில வகுப்பு நடத்தும் அய்சிரெக், உன்னைவிடச் சின்னப் பெண், “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதை அவங்க கேக்கலை, எழுதியிருக்கறதைப் படிச்சீங்களான்னு கேக்கறாங்க” என்றாள். அவள் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேறு கேலி, “ஜூரா அக்கா, கண்ணாடியை மாத்தினா இங்கிலீஷ் வந்துருமா?” என்று. அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் புத்தகம் திறந்திருந்தது.

கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சிகள் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டன, விடைகள் மனப்பாடம். அதனால் அவளுடைய பரிசோதனைக் கருவிகளின் ஆங்கிலக் கையேடுகளை எடுத்து, வெற்றுத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மேலே வைத்து வார்த்தைகளை மறைப்பது என் வேலையாயிற்று. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பெரிய வார்த்தை முக்கியமாக இருக்குமோ என்று பயந்து, சின்னதாகப் பார்த்து மறைத்தேன். “என்னங்க இது, கறியை விட்டுட்டு உப்பை ஒளிச்சு வச்சிருக்கீங்க” என்று சிரித்தாள். பென்சிலை எடுத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, பாதியைக்கூட நிரப்ப முடியவில்லை. ஏ, தி என்று வரும், நம் மொழியில் இல்லாத அந்தக் குட்டிச் சொற்களில்தான் அவள் இத்தனை நாளும் தடுக்கி விழுந்திருக்கிறாள். அப்புறம் ஐந்து மாதம் விடவில்லை. மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்ப்பாள், ஒரு சொல்லைச் சொல்வாள், முழங்கையால் தாள்துண்டை ஒதுக்கிப் பார்ப்பாள், தப்பாயிருந்தால் தன்னையே திட்டிக்கொள்வாள்.

மார்ச்சில் மறுபடி தேர்வெழுத, இந்த முறை நம் வண்டியிலேயே, தலைநகர் பிஷ்கெக் போனோம். திரும்பும் வழியில் வண்டி கணவாய் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது சொன்னாள், “காசநோயைப் பத்தியே வந்துச்சுங்க. அதுல ஒண்ணு பழைய தகவல், தப்பு. திருத்தணும்னு இருந்துச்சு, ஆனாலும் அவங்க எழுதினபடியே போட்டேன். வெளிய வரும்போது அந்த மேற்பார்வை அம்மாகிட்ட மட்டும், இது தப்புன்னு சொல்லிட்டு வந்தேன்.” வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, சூப் வைக்கத் தெரியும், கன்றும் துணைக்கு இருக்கிறது. பேத்தியைக் குளிரில் தலையை மூடாமல் வெளியே விடாதே. உங்கள் மூவரையும் கடவுள் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை நீயே எடு, அம்மா சொல்வதை முதன்முறை கேட்பதுபோலக் கேள். ஒரே தடவையில் தேறியதுபோலத்தான் சொல்வாள், சொல்லட்டும். ஊரறியத் தோற்ற மறுநாள் அவள் ஐந்து மணிக்கு எழுந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், இப்போது நீயும் தெரிந்துகொண்டாய்.

உன் அப்பா,
முகாஷ்