குங்குமத்துக்கு இரண்டு பெயர்

2016, தை, வெள்ளிக்கிழமை.

கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சளையும் குங்குமச் சிவப்பையும் ஸ்பாட் கலராக, தனித்தனி மையாக வைத்திருந்தேன். காலையில், கலருக்கு ஒன்றாக அச்சுத் தகடு எடுத்துத் தரும் பண்ருட்டி பிளேட்காரர் போன் செய்தார். "ரெண்டு கலர்னு சொன்னீங்க, மூணு பிளேட் வந்துகினு இருக்குதுங்க!"

"உனக்கு இது சரிப்படாதும்மா, மெட்ராஸ்லயே குடுத்துக்கறேன்" என்றார் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அச்சக முதலாளி.

எனக்குச் சுருக்கென்றது. ஃபைலைத் திறந்தேன். அந்தச் சிவப்புக்கு நான் ஆங்கில எழுத்தில் வைத்த பெயர் 'குங்குமம்'. முதலாளி தன் கையால் சேர்த்த பிள்ளையார் படத்தில் அதே சிவப்பு 'கும்குமம்' என்றிருந்தது. பெயர் இரண்டானதால் கம்ப்யூட்டர் மையையும் இரண்டாக எண்ணிவிட்டது. முதலாளிக்குக் காட்டிவிட்டு, இரண்டையும் ஒரே பெயராக்கினேன்.

சாயங்காலம் முதல் தாள் வந்தது. ஊழியர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா, நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அச்சான சிவப்பின் பக்கத்தில் தீற்றினார். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க!"

முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே கலருக்கெல்லாம் நீயே பேரு வைம்மா."