சுதந்திர தேவியின் மூக்கு

ரோம், ஏப்ரல் பத்து

என் காலிஸ்தேவுக்கு,

நீ நலமென்றால் உன் புருஷனும் நலம்.

புதுச் சக்கரவர்த்தி வந்துவிட்டார். வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் சுதந்திர தேவி, கையில் விடுதலையான அடிமைக்கு அணிவிக்கும் தொப்பியோடு. தேவியின் அச்சை வெட்டும் வேலை எனக்கு. நாணயச் சாலை மேலாளர் வித்தாலிஸ், "அச்சு நல்லா வந்தா அந்தத் தொப்பிய உன் தலையில வெச்சு அனுப்பிடுறேன்டா" என்றார். அடிமைக்கு வேறென்ன வேண்டும்? தேவிக்கு உன் மூக்கை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் ஸோசிமோஸ்

ஓஸ்தியா துறைமுகம், ஜூன் இரண்டு

அன்புள்ள ஸோசிமோஸ்,

காசு இங்கே வந்துவிட்டது. மீன்காரி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "அடியே, சக்கரவர்த்திக்கு நீ என்னடி உறவு?" என்று கேட்டாள். சிரித்தேன்; வீட்டுக்கு வந்து அழுதேன். உன் விடுதலை எங்கே? எனக்கு விடுதலை தந்த எஜமானி செப்டம்பரில் கடல் தாண்டி கார்த்தேஜுக்குக் குடிபோகிறாள். விடுதலையானாலும் அவளுக்குக் கட்டுப்பட்டவள்தானே, நானும் கூடப் போயாக வேண்டும். அதற்குள் வந்து சேர். வாயைத் திறந்து கேள், வாயில்லாப் பூச்சி!

காலிஸ்தே

ரோம், ஜூன் இருபது

காலிஸ்தே,

கேட்டுவிட்டேன். "உன்ன விட்டுட்டா இந்த மூக்க எவன்டா வெட்டுவான்? உங்க தாத்தனா?" என்கிறார். அச்சு தேயத் தேய இன்னொன்று கேட்கிறார்கள். வெளியே ஓரடி வைக்க முடியாது, வாசலில் காவல். ஒழுங்காக வேலை செய்தேனே, அதுதான் நான் செய்த பாவம்.

ஸோசிமோஸ்

ஓஸ்தியா, ஜூலை எட்டு

ஸோசிமோஸ்,

அப்படியானால் கெடுத்துத் தொலை! காசில் நேராக விழவேண்டும் என்று அச்சில் எழுத்தைத் திருப்பித்தானே வெட்டுவாய்? நேராகவே வெட்டிவிடு. உதவாக்கரை என்று விற்றுவிடுவார்கள். உன்னை வாங்க எஜமானி சம்மதித்துவிட்டாள், காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். கப்பல் செப்டம்பர் ஐந்தாம் நாள்.

காலிஸ்தே

ரோம், ஆகஸ்ட் இருபத்தெட்டு

என் கண்ணே,

நீ சொன்னபடியே செய்தேன். காசில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி விழுந்தது. வித்தாலிஸ் கன்னத்தில் அறைந்தார். விற்கத்தான் போகிறார் என்று அந்த வலியிலும் சந்தோஷப்பட்டேன். அவரோ, "எழுத்துக்கு வேற ஆளப் போட்டுக்குறேன். நீ இனிமே முகத்த மட்டும் வெட்டு" என்று சொல்லிவிட்டார்.

முகத்தையும் கெடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை மூக்கைக் கோணலாகத் தொடங்கினேன். மூன்று தடவையும் அது உன் மூக்காகத்தான் முடிந்தது. உன் முகம் எனக்கு மறந்துபோனால்தான் இவர்கள் என்னை விடுவார்கள்.

அது என்னால் ஆகாது. நீ கப்பல் ஏறு.

ஸோசிமோஸ்