தையற்காரரின் ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பால் நலம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மனசால் யார் எப்படி இருக்கிறோம் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அப்பாவின் போன் ஆஸ்பத்திரியில் ஒரு பழுப்பு உறைக்குள் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறது. என் போனை நானே அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். நீ அதில் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், கேட்டால் எனக்கும் அந்த ஆசை வந்துவிடும், அதனால்தான். கண்ணாடிக் கடைக்காரரின் மகள் விடுமுறை முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு கதையைப் படி. போனில் நீ தொடங்கிவைத்த நம் வீட்டு ஆல்பத்தை அழிக்காதே. "அப்பா, நீங்க வாயைத் திறக்காதீங்க, இங்கேருந்தே எல்லாத்தையும் துடைச்சுடறேன், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது" என்று நீ அன்றைக்குச் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அப்பா ஒன்றும் பதில் சொல்லாமல் வைத்தாரே, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் என் வீட்டார்.

உனக்குப் பாதிதான் தெரியும், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் பிரிவில் காகிதத்தைப் படி எடுக்கும் ஸ்கேனர் இயந்திரம் கெட்டுப்போனது உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோதே இருமிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர்கள் எல்லோரும் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டார்கள், ரிப்போர்ட் பிரிவு பழைய கட்டடத்தில்தான் இருக்கிறது. டாக்டர்களுக்கு ரிப்போர்ட் உடனே வேண்டும். அப்பா தலைமை எழுத்தர் ஆயிற்றே, தம் சொந்தப் போனில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார், மற்றவர்களும் தொடங்கினார்கள். அப்போதுதான் சொந்தப் போனில் ஆஸ்பத்திரி வேலை பார்ப்பவர்களுக்கான பாதுகாப்பு விதிகள் என்று ஒரு தடித்த காகிதக் கட்டு வந்தது. கொண்டு வந்தவர் பாதுகாப்பு அதிகாரி, புதிதாக வந்தவர். எல்லாக் கதவுக்கும் பூட்டு மாற்றியதால் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். நோயாளியின் காகிதம் எதையும் சொந்தப் போனில் படம் எடுக்கக் கூடாது, போனை வீட்டாரிடம் தரக் கூடாது, கடவுச்சொல்லை எவரிடமும், அதிகாரியே கேட்டாலும், சொல்லக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. படித்துக் கையெழுத்திட்டு, கையெழுத்திட்ட பக்கத்தை உடனே அனுப்பச் சொன்னார்கள். ஸ்கேனர்தான் இல்லையே, அப்பா அந்தப் பக்கத்தைச் சொந்தப் போனில் படம் எடுத்து அனுப்பினார். பெற்றுக்கொண்டோம், நன்றி என்று பதில் வந்தது. மறுநாள் படம் எடுப்பதை நிறுத்தினார், மத்தியானத்துக்குள் பெரிய டாக்டர் கூப்பிட்டு, "விதி விதிதான் சார், அதை யாரு மீறச் சொன்னா? ரிப்போர்ட்டை மட்டும் உடனே அனுப்பிடுங்க" என்றாராம். இதற்கு என்ன பொருள் என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை, அவர் மறுபடி படம் எடுக்கத் தொடங்கினார்.

வீட்டில் விதியை அவர் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார். உன் பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தவர் அதை மாற்றினார். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் என்னிடம் சொல்லிவைத்தார், யாரிடமும் சொல்லாதே என்றார். உன் அத்தை கேட்டபோது, கூடப் பிறந்தவள் யாரோ எவரோ இல்லையே என்று அவளிடமும் சொல்லி, அவளையும் யாரிடமும் சொல்லாதே என்றார். ஆனால் போன முறை நீ வந்தபோது செய்து வைத்துப்போன ஏற்பாட்டை அவர் மறந்தே போனார். அவர் எடுக்கும் படமெல்லாம் தானாகவே வீட்டு ஆல்பத்துக்கு வந்துவிடும், யாரும் யாரையும் அனுப்பு அனுப்பு என்று கெஞ்ச வேண்டாம் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். வந்ததப்பா வந்தது, எல்லாமே வந்தது. நானும் அத்தையும் உன் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் சித்தப்பாவும் நீயும் மாதக்கணக்காக ஊரார் ரத்தத்தையும் நுரையீரலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். "அண்ணன் எப்பப் பாரு காகிதத்தையே படம் எடுக்கறான், ஒரு பூ, ஒரு குழந்தை, ஒண்ணு கிடையாது" என்று அத்தை அலுத்துக்கொள்வாளே தவிர ஒரு பக்கம் விடாமல் படிப்பாள். நான் ஆபீஸ் சமாசாரம் என்று தள்ளிவிடுவேன். தள்ளிவிட்டேன் என்றால் படித்துவிட்டுத் தள்ளினேன்.

அப்படித்தான் நம் தெருமுனைத் தையற்காரரின் ரிப்போர்ட் வந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, தெரிய வேண்டியதற்கு மேல் ஏற்கெனவே பலருக்குத் தெரியும். காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை என்பதை மட்டும் புரிந்துகொள். அத்தை ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, கடையில் நாலு பேர் துணியோடு நிற்கும்போது போய், "தைரியமா இருங்க, இப்பல்லாம் இதுக்கு நல்ல மருந்து வந்துடுச்சு" என்றிருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவோடு அவர் நிமிர்ந்து, "எதுக்கும்மா?" என்று கேட்டாராம். அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. பையை மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினாள். அவர் கடையைச் சாத்திவிட்டு, அந்தப் பழப்பையோடு நேரே ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்குப் போனார். என் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேட்டார். டாக்டர் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றாள் அங்கிருந்த பெண். "அப்ப இந்தப் பழம் எப்படிம்மா வந்துச்சு?" என்று பையை மேஜைமேல் வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "கொடுத்தவங்க நல்ல மனசோட வந்தாங்க, அவங்க பேரை நான் சொல்ல மாட்டேன். உங்க பக்கம் வாயைத் திறந்தது யாருன்னு நீங்க தேடிக்குங்க" என்றிருக்கிறார்.

தேடினார்கள். அந்த வரவேற்புப் பெண் அவர் கடைக்கு மாடியில் குடியிருக்கிறாள், அது போதாதா. அவள் பாவம் தானாகவே போனைத் திறந்து கொடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது, அழித்திருப்பாள் என்று சொல்லி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மற்றவர்களுக்கு விசாரணை என்று முத்திரை வைத்த அறிவிப்பு வந்தது. அப்பா பழக்கதோஷத்தில் அதையும் படம் எடுத்தார். அடுத்த நிமிஷம் அத்தை கூப்பிட்டு, "வாழ்த்துகள்ணா! முத்திரை வச்ச கடிதாசி வந்திருக்கே, பதவி உயர்வா?" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று இவர் கேட்க, எல்லாம் ஆல்பத்துல வருதே, அந்தத் தையற்காரர்கூட வந்தாரே, நான் பழம் வாங்கிட்டுப் போனேனே என்று அவள் சொல்ல, அப்பா நின்ற இடத்திலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டார். மறுநாள் ரிப்போர்ட் பிரிவில் எல்லோர் போனையும் வாங்கி உறையிலிட்டார்கள். திறந்து பார்க்கக் கடவுச்சொல் வேண்டும், அதைக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆகவே போன்கள் பத்திரமாக இருக்கின்றன, நீ நினைத்தபடி அழித்தால் யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் இதைக் கேள். விசாரணை முடிகிறவரை தையற்காரரின் ரிப்போர்ட் சாட்சிப் பொருளாம். அதையும் உறையிலிட்டுவிட்டார்கள். டாக்டரும் பார்க்க முடியாது, அவருக்கும் கொடுக்க முடியாது, மருந்தும் தொடங்க முடியாது. நான் தைக்கக் கொடுத்த துணியை வாங்குகிற சாக்கில் போனேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "ஊர்ல என் ரிப்போர்ட்டைப் பார்க்காத ஒரே ஆள் நான்தாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பையன் பேரும் இழுபடும்" என்றார். அனுப்பினால் வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள், வீடு இருக்கிறது என்றேன். மாடியில் ஒருத்தி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், கீழே ஒருவர் என்ன வியாதி என்று தெரியாமல் தைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னேன். இரண்டு நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நாளைக் காலை விசாரணையில் அவருடைய முறை. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறார், ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறார். கடிதத்தை இங்கே நிறுத்துகிறேன், மிச்சம் அவர் வந்த பிறகு.

வந்துவிட்டார். காலையில் போனவர் வெயில் சாய்ந்துதான் வந்தார், அதற்குள் நான் சுத்தமாக இருந்த பாத்திரங்களையெல்லாம் இன்னொரு முறை தேய்த்துவிட்டேன். நடந்ததை அவர் வாயால் கேட்டபடியே எழுதுகிறேன். உள்ளே போனதும் பூட்டுக்காரர் நல்லபடியாகவே பேசினாராம். "பெரியவரே, உங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல, ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று பேனாவையும் நீட்டியிருக்கிறார். இவர் பேனாவை வாங்கவில்லை. முதலில் தையற்காரர் ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுங்கள், பிறகு நான் சொல்கிறேன் என்றிருக்கிறார். விதிப்படி முடியாது என்றார்களாம். அதற்கு அப்பா, "விதிப்படி நான் படமே எடுத்திருக்கக் கூடாது சார். எடுத்தேன். வெளியே போனது என் போன்லேருந்துதான், என் வீட்டுக்குத்தான். அந்தப் பொண்ணு இல்ல. இப்ப விசாரணை முடிஞ்சுது, உறையைப் பிரிங்க" என்றாராம். கடவுச்சொல்லையும் அவரே உரக்கச் சொல்லியிருக்கிறார், உடனே பூட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டாராம், அது விதி. பிறகு போனைத் திறந்து, ஆல்பத்தைப் பார்த்து, சாட்சிக்காக எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்து, நோயாளிகளின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்ற குறிப்போடு விசாரணைக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுக் கொடுத்தார்கள். ஸ்கேனர் வேலை செய்யாததால் பூட்டுக்காரர் தம் போனில்தான் படம் எடுத்தார்.

ரிப்போர்ட் டாக்டரிடம் போய்விட்டது, தையற்காரரை இன்றே கூப்பிட்டுவிட்டார்கள். வரவேற்புப் பெண்ணை நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, போன நாட்களை அவளுடைய விடுப்பில் கழித்துக்கொள்வார்களாம். அப்பாவை முடிவு தெரியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு நல்லதாக இருக்கும் என்று உனக்கு ஆறுதல் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று சாப்பிட்டார், பேசினார், உப்பு அதிகம் என்றார். இனி நீ ஆல்பத்தை மூடலாம், இதைப் படித்த உடனே மூடு, அதைத் தொடங்கியவன் நீதான் என்பதால் உன்னால்தான் முடியுமாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் நானும் அப்பாவும் தையற்காரர் கடைக்குப் போனோம், மருந்துச் சீட்டு இயந்திரத்தின்மேல் இருந்தது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார், நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் திட்டுவார் என்று தயாராகப் போனேன், திட்டவில்லை. "யார் யார் பார்த்தாங்கன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. நாளைக்கு ஒருத்தர் வந்து அளவு கொடுக்கறப்ப, அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு நான் யோசிச்சுட்டு நிக்கக் கூடாது பாருங்க" என்றார். நியாயம்தானே. என் பெயரை முதலில் சொன்னேன். அத்தை, சித்தப்பா, உன் தங்கை, மாப்பிள்ளை என்று முன்பே அவரவரை நேரில் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனதால் சொல்ல முடிந்தது. பையனும் பார்த்தானா என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து உனக்குச் சட்டை தைத்தவர், அதனால் கேட்டிருப்பார். தெரியாது, எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ அந்த ஆல்பத்தைத் தினமும் திறப்பாய் என்றும், தெரிந்த பெயர் வந்தால் நின்று படிப்பாய் என்றும் நினைக்கிறேன், ஏனென்றால் நான் படித்தேன். படித்துவிட்டு நீயும் என்னைப்போல் பேசாமல் இருந்தாயா, அல்லது பார்க்கவே இல்லையா, எதுவோ அதை அப்படியே எழுது, அப்பாவுக்காகவோ எனக்காகவோ மாற்றி எழுதாதே.

குழந்தைக்கு இருமல் நின்றதா, குளிரில் தலையை மூடாமல் வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று மருமகளிடம் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், அதைத்தான் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதிலைப் போனில் சொல்லாதே, காகிதத்தில் எழுதி அனுப்பு, தையற்காரரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா