மூன்றாம் வரிசையில் வெர்னாவின் இடம்

ஹெம்லாக் பெண்ட், மிச்சிகன்
மார்ச் 14, 2019

அன்புள்ள வெர்னாவுக்கு,

ஆர்விட் லம்பேலா சொல்கிறேன், நம்ம ஊர் டவுன்ஷிப் ஆபீஸ் கிளார்க் டோரீன் எழுதுகிறாள். வியாழக்கிழமை மட்டும்தான் ஹாலைத் திறந்து வைக்கிறாள். எனக்கு எண்பத்து நாலு ஆகிவிட்டது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. இங்கே இன்னும் ஜன்னல் வரை பனி. நீ அரிசோனாவில் வெறும் செருப்போடு நடந்துகொண்டிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்துப் பழைய வரைபடத்தை டோரீன் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். மூன்றாம் வரிசையில், ரூடிக்குப் பக்கத்து இடம் உன் பெயரில் இருக்கிறது. அங்கே நிற்கிற கல்லில் ஆஸ்மோ பெயர் இருக்கிறது. அதனால்தான் உனக்குப் படிவம் அனுப்பினாள். நீ எழுதித் திருப்பி அனுப்பியதை எனக்குப் படித்துக் காட்டினாள். "அந்த இடத்தை என் கணவரே ஆஸ்மோவுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அங்கே ஒன்றும் வேண்டாம்."

ரூடி கொடுக்கவில்லை, வெர்னா. ஆஸ்மோவை அங்கே போட்டவன் நான். தப்பாகப் போட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

(டோரீன்: இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருஷமாக இவர் கையில் நோட்டீஸைக் கொடுத்து "படிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறேன். "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்பார்.)

என் மனைவி எல்மாவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு சாவுக்கும் அவள் வரைபடத்தைப் படித்துவிட்டு, என்னோடு தோட்டத்துக்கு நடந்து வந்து, சரியான இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவாள். நான் குச்சியைப் பார்த்துத் தோண்டுவேன். ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்றது.

ரூடி போனது 1987 நவம்பர் பதினெட்டு, மான் வேட்டை தொடங்கி நாலாம் நாள். ஆஸ்மோ ஜனவரி ஒன்பது. தரை கல்லாக உறைந்திருந்ததால் இரண்டு பெட்டியும் மே வரை தோட்டத்துக் கல் அறையில் காத்திருந்தன. சாலையில் பனி தள்ளின சண்டையில் பதினொரு வருஷம் பேசாதவர்கள், நாலு மாதம் ஒரே அறையில்.

தரை இளகியபோது எல்மா பித்தப்பைக் கல்லுக்காக மார்க்கெட் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரூடியின் இடம் எனக்குத் தெரியும், அவனே நின்று காட்டியிருக்கிறான். ஆஸ்மோவுக்கு, அப்போதைய கிளார்க் நார்டீன் வரைபடத்தை விரித்து, "இதோ, மூணாவது வரிசை, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு போன் எடுக்கப் போனார். அந்த வரிசையில் ரூடியின் இடம் போக, காலியாக இருந்தது இரண்டு இடம். ஒன்று ரூடிக்குப் பக்கத்தில், இன்னொன்று வேலியோரத்தில். எது யாருடையது என்று கட்டத்துக்குள் எழுதியிருந்தது. கேட்க வெட்கம். வேலியோரத்தில் தண்ணீர் நிற்கும், அதைப் போய் யார் வாங்குவான் என்று நினைத்தேன். ஆஸ்மோ எப்பேர்ப்பட்ட கஞ்சன் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன்.

இரண்டு நாள் கழித்து ரூடியை இறக்கினோம். நீ அவன் குழியைப் பார்க்கவில்லை. பக்கத்துப் புது மண்ணைப் பார்த்தாய். "அது யாரு?" என்று கேட்டாய். "ஆஸ்மோ" என்றேன். "சரி" என்றாய். எல்மா வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்து என் தப்பைச் சொன்னபோது, நீ ஊரை விட்டுப் போய்விட்டிருந்தாய். வெளியே சொன்னால் வேலை போகும் என்று முதலில் பயம். அப்புறம் வெறும் வெட்கம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. ரூடி சாவதற்கு மூன்று வாரம் முன்னால், அக்டோபர் கடைசியில், அவன் என் கொட்டகைக்கு வந்தான்.

"பிப்ரவரியில என் வீட்டுக் கூரைப் பனியை நீதான் தள்ளணும், ஆர்விட்."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"நாங்க இருக்க மாட்டோம்டா. வெர்னாவை அவ அக்கா வீட்டுக்கு, அரிசோனாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவகிட்ட உளறிடாதே. சண்டை போட்ட சூட்டோட நான் ஒத்துக்கிட்டா என் தலைமேல ஏறி உட்காருவா. கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்கட்டும்."

சொல்லாதே என்றான், சொல்லவில்லை. அதுவும் தப்புதான்.

நீ ஒரு வார்த்தை சொன்னால் ஆஸ்மோவை அவன் இடத்துக்கே மாற்றிவிடுகிறோம். அவன் தம்பி மகன் சம்மதித்துவிட்டான்.

தலைகுனிந்து,
ஆர்விட்

டூசான், அரிசோனா
மார்ச் 29, 2019

அன்புள்ள ஆர்விட்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் அதை அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். இங்கே எல்லாம் மின்சார அடுப்பு.

அந்த அக்டோபரில் நான் ரூடியிடம் சொன்னது இதுதான். "இந்தப் பனிக்குள்ள உன் பக்கத்துல புதைஞ்சு கிடக்க என்னால முடியாது." அவர் சொன்னார், "அப்ப போ. அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடறேன்." மூன்று வாரத்தில் போய்விட்டார். மே மாதம் வந்து பார்த்தால் அங்கே ஆஸ்மோ. உலகத்திலேயே ரூடிக்குப் பிடிக்காத ஆள் ஆஸ்மோ. அவனுக்கே கொடுத்தார் என்றால், அவனைவிட என்னைப் பிடிக்காமல் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டேன். முப்பத்தொரு வருஷம் அந்தக் கணக்கோடு இருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்தால் என்ன செய்வது?

அவர் படத்தை இழுப்பறையில் குப்புறப் போட்டிருந்தேன். நேற்று எடுத்து மேஜைமேல் வைத்தேன். மூக்கு இவ்வளவு பெரிது என்பதே மறந்துபோயிருந்தது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று சட்டென்று எழுத வரவில்லை. எல்மா சாவுக்குக்கூட நான் வராமல் இருந்தேன், அதற்கும் இதுதான் காரணம். ஆனால் பத்து நாளாக நன்றாகத் தூங்குகிறேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிப்ரவரி என்றா சொன்னார்? அந்த மனிதர் மாதம் வரைக்கும் யோசித்திருக்கிறார்.

ஆஸ்மோவை எடுக்க வேண்டாம். தூக்கி வேலியோரத் தண்ணீரில் போட்டால் சும்மா இருக்க மாட்டான். ரூடிக்கும் சண்டை போட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இங்கே எரித்துச் சாம்பலைச் சிமிழில் தருகிறார்கள். அதை ரூடியின் குழியிலேயே, அவர் மேல் வைக்க டவுன்ஷிப் சம்மதிக்குமா? பக்கத்தில் கிடக்க முடியாது என்றுதானே சொன்னேன். மேலே கிடக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே.

டோரீனுக்கு: உன் கையெழுத்து எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது. நீ யார் வீட்டுப் பெண்?

வெர்னா

ஹெம்லாக் பெண்ட்
ஏப்ரல் 11, 2019

அன்புள்ள வெர்னாவுக்கு,

செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் கூட்டம் நடந்தது. சாலைக்குச் சரளை போடுகிற சண்டைக்காகப் பதினாலு பேர் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். பிறகு மீன்கடை கார்ல் கேட்டான், "அப்ப இத்தனை வருஷமா யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"எல்மா இருந்தவரைக்கும் அவ சொன்ன ஆளுக்கு. அதுக்கப்புறம் முதல்ல இருக்கிற ஆளுக்கு."

"அதான் நம்ம ஊர்ச் சாலை இப்படிக் கிடக்கு" என்றான் தலைவர் நாற்காலியில் இருந்த லெய்ஃப். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுபது வருஷமாக எதற்குப் பயந்தேனோ, அது அவ்வளவுதான்.

பெட்டிக்கு மேல் ஒரு சிமிழ் வைக்க விதி இடம் கொடுக்கிறதாம். போர்டில் இருக்கிற ஐந்து பேரும் கை தூக்கினார்கள், நாலு நிமிஷத்தில் முடிந்தது. சரளைக் கல்லுக்கு ஒன்றரை மணி நேரம் கத்தினார்கள். தோட்டத்துச் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். லெய்ஃப் என் பக்கம் தள்ளிவிட்டான். "பனி உருகினா புல்லு வெட்டணும். எடுத்துக்கங்க."

(டோரீன்: நான் நார்டீனின் பேத்தி. கையெழுத்து அவருடையதுதான் என்பார்கள். அன்று போன் எடுக்கப் போனவர் என் தாத்தா. போன் செய்தது யார் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.)

ஆர்விட்

டூசான்
ஏப்ரல் 24, 2019

அன்புள்ள ஆர்விட்,

டிக்கெட் வாங்கிவிட்டேன். மே கடைசியில் வரும் நினைவு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஊர் கூடித் தோட்டம் சுத்தம் செய்கிற வழக்கம் இன்னும் உண்டுதானே? ஹாலில் எல்லாரும் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடுவதும்? ஏலக்காய் ரொட்டி நான் சுடுகிறேன், அடுப்பு மட்டும் டோரீன் தரட்டும். டாக்டர் என்னிடம் குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வருவது பார்க்கத்தான், படுக்க இல்லை.

உங்களிடம் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் சரியாக வராது. நேரில் தருகிறேன்.

அன்புடன்,
வெர்னா

ஹெம்லாக் பெண்ட்
மே 9, 2019

அன்புள்ள வெர்னாவுக்கு,

கொண்டு வா. வாங்கிக்கொள்கிறேன்.

பனி போய்விட்டது. ஆஸ்மோவின் கல் ரூடி பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்திவிட்டேன். நேற்று இரும்புக் கம்பியை ரூடியின் தலைமாட்டில் இறக்கிப் பார்த்தேன். இரண்டரை அடி வரை மணல்தான், ஒரு கல்கூட இல்லை. சிமிழுக்கு அது போதும். அவ்வளவு சின்னக் குழியை நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே தோண்டிவிடுவேன், வேறு யாரையும் விட மாட்டேன்.

டோரீன் வரைபடத்தில் உன் பெயரை ரூடியின் கட்டத்துக்குள் எழுதிவிட்டாள். எங்கே என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். பிறகு தோட்டத்துக்குப் போய், எல்மா செய்கிற மாதிரி அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டேன். இந்த முறை சரியான இடம்.

அவசரம் ஒன்றுமில்லை, வெர்னா. குச்சி மக்கிப்போனால் வேறு நடுவேன்.

ஆர்விட்