கொரோகா சந்தையில் வாங்கிய வில்

மகனே,

உன் அப்பாவின் சாவுச் சடங்குக்கு, மகன் கொண்டுவர வேண்டிய பன்றியை நீ கொண்டுவராததை நான் மறக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், தாய்மாமனான நீ பார்த்துக் கொடுக்க வேண்டிய வேட்டை வில்லை, உன் அக்கா மகன் சியூனேவுக்கு நானே சந்தையில் வாங்கினேன். வார்னிஷ் பளபளப்பில் மயங்கிவிட்டேன்.

நேற்று அவன் தன் அப்பா வழி ஆண்கள் முன்னால் நாணை இழுத்தான். வில் முறிந்தது.

"வெள்ளக்காரன் செவுத்துல மாட்டுற வில்லுடா இது! ஒனக்கு மாமனே இல்லையா?" என்று சிரித்தார்கள்.

"நாந்தான் ஆசப்பட்டு வாங்குனேன்" என்றான் பிள்ளை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னால் தலைநிமிர முடியவில்லை.

அவன் வேட்டைக்குப் போகுமுன் நீ வந்து, நல்ல கரும்பனை வில்லாகப் பார்த்துக் கொடு. நீ வளைத்துப் பார்க்கும்போது நான் சர்க்கரைவள்ளித் தோட்டத்தில் இருப்பேன். எந்த முகத்தோடு உன் எதிரே நிற்பது?

பன்றியை மட்டும் மறக்கச் சொல்லாதே.

உன் அம்மா