அப்பாவுக்கு ஓய்வு

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் “சாப்பிட்டியா?” என்பதைத் தாண்டி உங்களுக்குப் பேச்சே வராது. அதனால்தான் கடிதம். சாப்பிட்டேன்.

இசையமைப்புப் படிப்பில் இந்த ஆண்டுத் தேர்வுக்குச் சொந்தமாக ஒன்று எழுதி, எட்டுப் பேரை வாசிக்க வைக்க வேண்டும். எழுதிவிட்டேன். வாத்தியார் பார்த்துவிட்டு, “அப்பா மூச்சுவிடாம ஓடிட்டே இருக்காரே! முதல்ல அவருக்கு ஓய்வு குடும்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள்
வாலு

பி.கு.: பாட்டின் பெயர்தான் ‘அப்பா’. நீங்கள் ஓட்டும் பஸ்ஸின் சத்தத்தை வைத்து எழுதியது. ஓய்வு என்றால், வாசிப்பவர்கள் சும்மா இருக்க வேண்டிய இடம்.

ஜூன் 9

வாலுக்குட்டிக்கு,

உன் அம்மா வாயில் எதுவும் தங்காது, தெரியும். அதற்காக உன் வாத்தியார் வரைக்குமா போக வேண்டும்?

ஆமாம், எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கண் பரிசோதனையில் கடைசி இரண்டு வரி தெரியவில்லை. மார்ச்சிலிருந்து வீட்டில்தான். எங்கே நின்றாலும் உன் அம்மா “தள்ளுங்க” என்கிறாள். தெரிந்தால் நீ படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்டுவாய் என்றுதான் மறைத்தேன். ஃபீஸுக்கு வழி செய்தாயிற்று. வந்தாயோ, காலை உடைப்பேன்.

அப்பா

ஜூன் 14

அன்புள்ள அப்பா,

ஐயோ, அம்மா ஒன்றுமே சொல்லவில்லை! நீங்களாகவே உளறிவிட்டீர்கள். போன கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பி.கு.வைப் படிக்கவே இல்லையா? பொடி எழுத்தில் எழுதியது என் தப்புதான். இதைப் பெரிதாக எழுதுகிறேன்.

மூட்டை கட்டிவிட்டேன், அப்பா. நீங்கள் இப்படி இருக்கும்போது எனக்குப் பாட்டு ஒரு கேடா? தேர்வு வேண்டாம். ஏதாவது வேலைக்குப் போகிறேன். மாதக் கடைசியில் வருகிறேன். திட்டாதீர்கள்.

வாலு

ஜூன் 18

அடி வாலு,

பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உன் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டேன். அவள் இன்னும் முழுசாக விடவில்லை.

ஓய்வு வந்தால் வாசிப்பவர்கள் சும்மா இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கா போய்விடுகிறார்கள்? ஓய்வு எனக்குத்தானே? நீ ஏன் வண்டியை விட்டு இறங்குகிறாய்?

அந்த பஸ் சத்தம் இல்லாமல் எனக்குக் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, கண்ணு. யாரிடமும் சொன்னதில்லை. நீ வீட்டுக்கு வந்துவிட்டால் அதை எனக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்?

மூட்டையைப் பிரி. தேர்வன்று நானும் அம்மாவும் வருகிறோம், பஸ்ஸில்தான். ஜன்னலோர சீட்டு எனக்கு என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டியா?

அப்பா